அலறியவர்களின் வரலாறு

2016 செப்டம்பரில் பீட்டில்ஸ் குழுவின் பழைய மேடை நிகழ்ச்சி ஒன்றின் ஒலிப்பதிவு புதுக்கி வெளியிடப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹாலிவுட் பௌல் என்னும் திறந்தவெளி அரங்கில் 1964, 1965 ஆகஸ்ட் மாதங்களில் அவர்கள் வாசித்ததை கேபிடல் நிறுவனம் மூன்று தடங்கள் கொண்ட நாடாவில் பதிவு செய்திருந்தது. பதிவைக் கேட்டவர்கள், இது வெளியிடத் தக்கதல்ல என்று அலமாரியில் வைத்துவிட்டார்கள். காரணம், பெண்பிள்ளைகளின் அலறல். 1977-இல் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அந்த நாடாவை எடுத்துச் சீர்செய்து ஒருமுறை வெளியிட்டார். 2016-இல் அவருடைய மகன் ஜைல்ஸ் மார்ட்டின் மறுபடி அதில் கை வைத்தார். லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான ஒரு மென்பொருள், ஒன்றோடொன்று கலந்து கிடந்த ஒலிகளைப் பிரித்தெடுத்தது. பாட்டும் கித்தாரும் முன்னால் வந்தன. அலறல் பின்னால் போனது.

அந்த ஆல்பத்தைக் கேட்டேன். நன்றாகவே இருக்கிறது. இசை தெளிவாகக் கேட்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் ஒன்றை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இந்த நிகழ்ச்சிகளைப் பற்றிய அரை நூற்றாண்டுப் பேச்சில், அங்கே கூடியிருந்த சிறுமிகளின் குரல் எப்போதும் நீக்க வேண்டிய இரைச்சலாகவே எண்ணப்பட்டிருக்கிறது. நாடாவில் மட்டும் அல்ல, நினைவிலும்.

பழைய ராக் குழுக்களைப் பற்றி ரசிகர்கள் நினைவுகூரும்போது அதற்கென ஒரு நடை உண்டு. எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த வரிசையில் பாடினார்கள், எந்த கித்தார், யார் அன்று சரியாக வாசிக்கவில்லை என்று விவரம் விவரமாகச் சொல்வார்கள். “நான் அங்கே இருந்தேன்” என்பது ஒரு பதக்கம். அதைப் பெரும்பாலும் ஆண்கள் அணிந்துகொள்கிறார்கள். பீட்டில்ஸின் மேடைக் காலத்துக்கு வரும்போது மட்டும் பேச்சு சற்றுத் தடுமாறும். ஏனென்றால் அங்கே பெரும்பான்மையாக இருந்தவர்கள் பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள். உடனே அந்த வாக்கியம் வந்துவிடும்: “ஒரே கத்தல். ஒன்றும் கேட்கவில்லை.” கத்தியவர்களிடம், நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கினால் இந்த வரலாறு எப்படி இருக்கும் என்று பார்க்கவே இந்தக் கட்டுரை.

லிவர்பூலில் தொடங்கலாம். மேத்யூ தெருவில் ஒரு கிடங்கின் நிலவறை. பெயர் கேவர்ன் கிளப். 1961 பிப்ரவரியிலிருந்து 1963 ஆகஸ்ட் வரை பீட்டில்ஸ் அங்கே ஏறத்தாழ 290 முறை வாசித்தார்கள். இரவில் மட்டும் அல்ல, நண்பகல் உணவு இடைவேளையிலும் நிகழ்ச்சி உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் படியிறங்கி வந்தவர்களில் அக்கம்பக்கத்து அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்த்த இளம்பெண்கள் நிறைய. காலையில் தட்டச்சு, மதியம் பாட்டு, மறுபடி தட்டச்சு. பள்ளி முடித்து, சொந்தச் சம்பளம் கையில் வந்து, கல்யாணம் இன்னும் ஆகாத அந்தச் சில ஆண்டுகள் உழைக்கும் வர்க்கப் பெண்ணுக்கு வாழ்க்கையில் கிடைத்த அபூர்வமான இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பீட்டில்ஸ் வளர்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஃபிரீடா கெல்லி. தட்டச்சுப் பிரிவில் வேலை பார்த்தவர். மதிய நிகழ்ச்சிகளுக்குத் தவறாமல் வந்தவர். 1962-இல், பதினேழு வயதில், குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். ரசிகர் மன்றத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. நம் ஊரில் ரசிகர் மன்றம் என்றால் கட்-அவுட்டுக்குப் பாலூற்றும் ஆண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். லிவர்பூலில் அது பெண்களின் கடிதப் போக்குவரத்து. முதலில் ஃபிரீடா விவரம் தெரியாமல் தன் வீட்டு முகவரியையே மன்றத்தின் முகவரியாகக் கொடுத்துவிட்டார். வீடு கடிதங்களால் நிரம்பியது. ஒரு ரசிகை தலையணை உறை ஒன்றை அனுப்பி, ரிங்கோ இதில் ஒருநாள் படுத்துத் தூங்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஃபிரீடா அதை ரிங்கோவின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் அதில் தூங்குவதை உறுதி செய்துகொண்டுதான் திருப்பி அனுப்பினார். சிரிப்பு வரலாம். ஆனால் ஒரு சிறுமியின் ஆசையை, அது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும், ஏமாற்றாமல் மதித்த ஒரு பெண் அங்கே இருந்தாள். அந்தத் தொழிலில் அப்படி மதித்தவர்கள் அதிகம் இல்லை.

கேவர்னில் பார்வையாளர்களின் மேலங்கிகளை வாங்கி வைக்கும் வேலை பார்த்த பெண் பின்னாளில் சில்லா பிளாக் என்ற புகழ்பெற்ற பாடகி ஆனார். பீட்டில்ஸ் வாசிப்பதை அங்கே பார்த்த மேரி மெக்லோரி, இதையே நாமும் செய்யலாமே என்று நினைத்தார். தோழிகளோடு சேர்ந்து ‘தி லிவர்பேர்ட்ஸ்’ என்ற பெண்கள் குழு உருவானது. பெண்களுக்கும் கித்தாருக்கும் ஒத்துவராது என்று ஜான் லென்னன் தங்களிடம் சொன்னதை அவர்கள் பின்னாளில் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் மேடை ஏறிய அந்தக் குழு 1968 வரை நீடித்தது. அதாவது, கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் வெறுமனே மயங்கிக்கொண்டிருக்கவில்லை. சிலர் விரல்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு கடனும் உண்டு. 1963-இல் வெளியான பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் மூன்று பாடல்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண் குழுக்கள் ஏற்கெனவே பாடியவை. இரண்டு ஷிரெல்ஸ் குழுவினுடையவை, ஒன்று குக்கீஸ் குழுவினுடையது. இளம்பெண்ணின் ஏக்கத்தை இளம்பெண்ணே பாடும் அந்த மரபிலிருந்து அவர்கள் நிறையக் கற்றார்கள். பெண்பிள்ளைகள் அவர்கள் பாட்டில் தங்களை அடையாளம் கண்டதில் வியப்பில்லை. அது ஏற்கெனவே அவர்களுடைய மொழி.

1963 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் நாளேடுகள் ‘பீட்டில்மேனியா’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டன. மேனியா, வெறி. இப்படிப் பெயர் வைப்பது புதிதல்ல. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் நிகழ்ச்சிகளில் கூட்டம் கிறங்கியதைப் பார்த்து ஹைன்ரிஷ் ஹைன என்ற ஜெர்மன் கவிஞர் 1844-லேயே ‘லிஸ்ட்டோமேனியா’ என்று எழுதிவிட்டார். அதோடு ஹிஸ்டீரியா என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. ஆண் உரக்கக் கத்தினால் உற்சாகம். பெண் கத்தினால் கருப்பைக் கோளாறு. 1964 பிப்ரவரியில் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பால் ஜான்சன் எழுதிய கட்டுரை, இந்த ரசிகைகளை அவர்கள் தலைமுறையின் மந்தமான, உருப்படாத பகுதி என்றே ஒதுக்கியது. எழுதியவர் இடதுசாரி வார இதழ் ஒன்றின் மூத்த எழுத்தாளர். சிறுமிகளை ஏளனம் செய்வதில் இடமும் வலமும் ஒன்றுதான்.

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியம். 55,600 பேர். அதுவரை எந்தப் பாப் இசை நிகழ்ச்சிக்கும் இவ்வளவு கூட்டம் கூடியதில்லை. மேடை மைதானத்தின் நடுவில். இருக்கைகளுக்கும் மேடைக்கும் நடுவே பரந்த வெற்றுத் தரை, போலீஸ்காரர்கள். வாக்ஸ் நிறுவனம் அந்தப் பயணத்துக்காகவே 100 வாட் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து கொடுத்திருந்தது. பாட்டுக் குரல் பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்புச் செய்வதற்காகப் பொருத்திய ஒலிபெருக்கிகள் வழியாக வந்தது. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கும்படி மேடையில் ஒலிபெருக்கி வைக்கும் வழக்கம் அப்போது வரவில்லை. டிரம்ஸ் வாசித்த ரிங்கோ, முன்னால் நின்ற மூவரின் முதுகும் இடுப்பும் அசைவதைப் பார்த்தே பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கண்டுகொண்டதாகச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு பாட்டு, அரை மணி நேரம், முடிந்தது.

இந்த நிகழ்ச்சியைப் படமாக எடுத்தார்கள். தொலைக்காட்சியில் காட்டுவதற்கு முன், 1966 ஜனவரியில், லண்டனில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து சில பாடல்களை மறுபடி வாசித்துச் சேர்த்தார்கள். ஆகவே ஷியா ஸ்டேடியம் என்று உலகம் பார்த்த படத்தில் இசையின் ஒரு பகுதி அன்று வாசித்தது அல்ல. அன்றைய அலறல் மட்டும் எந்த ஒத்திகையும் திருத்தமும் இல்லாதது.

சீட்டின் விலை சுமார் 5 டாலர். அமெரிக்காவில் அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.25 டாலர். அப்படியென்றால் ஒரு சீட்டு, நான்கு மணி நேர உழைப்பு. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டும், கைச்செலவுக் காசைச் சேர்த்தும் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் அதைத் திரட்ட வேண்டும். வசூல் மூன்று லட்சம் டாலரைத் தாண்டியது. ஸ்டேடியத்தில் ராக் நடத்தலாம், அதில் பெரும் பணம் பண்ணலாம் என்று இசைத்தொழில் கற்றுக்கொண்டது அன்றுதான். பின்னால் வந்த எத்தனையோ ஆண் குழுக்களின் பிரம்மாண்ட மேடைகளுக்கு முதலீடு போட்டவர்கள் இந்தப் பெண்பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகள் எந்த நாட்டில் கத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெட்டி ஃபிரீடனின் நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. மணமான தம்பதியர் கருத்தடைச் சாதனம் பயன்படுத்துவதையே குற்றமாக்கிய கனெக்டிகட் மாநிலச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1965 ஜூன் 7-இல். ஷியா நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் முன்பு. மணமாகாதவர்களுக்கு அந்த உரிமை வர 1972 ஆயிற்று. கடன் கொடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் 1974-இல்தான் வந்தது. ஆசை இருப்பதாகக் காட்டிக்கொண்டால் கெட்ட பெண், காட்டாமல் காத்திருந்தால் நல்ல பெண் என்று இரண்டே கதவுகள் இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் இவர்கள். பார்பரா எரன்ரைக், எலிசபெத் ஹெஸ், குளோரியா ஜேக்கப்ஸ் மூவரும் 1986-இல் எழுதிய நூலில் இதைத் தெளிவாகச் சொன்னார்கள்: பீட்டில்மேனியா ஒரு நோய் அல்ல, பெண்களின் பாலியல் விடுதலையின் முதல் பெரும் வெடிப்பு. பெண்ணியம் பேசாமலேயே, கோரிக்கை எதுவும் எழுதாமலேயே, கட்டுப்பாட்டைக் கைவிடுவதே அங்கே எதிர்ப்பாக இருந்தது. மூன்றாவது கதவு ஒன்றைத் தட்டிய சத்தம் அது.

அந்தச் சத்தத்துக்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்று நான் யோசித்திருக்கிறேன். கூச்சல், கத்தல், வீறிடல், அலறல் என்று எதை எடுத்தாலும் அச்சமோ வசையோ ஒட்டிக்கொண்டு வருகிறது. பெண்கள் கூட்டமாக எழுப்பும், பொது இடத்தில் அனுமதிக்கப்பட்ட ஒலி நம்மிடம் இரண்டு: குலவை, ஒப்பாரி. மங்கலத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. இரண்டுக்கும் சடங்கின் காவல் உண்டு. தன் ஆசைக்காக ஒரு பெண் வாய்விட்டுக் கத்துவதற்குச் சடங்கு இல்லை. குறுந்தொகை 28-ஆம் பாடலில் ஔவையார், தன் நோயை அறியாமல் தூங்கும் ஊரை எப்படி எழுப்புவது, கூப்பாடு போடலாமா என்று தவிக்கும் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். அவள் கேட்கிறாள், கத்தினாளா என்று தெரியாது. நாடும் காலமும் வேறு, இரண்டையும் ஒன்றாக்க நான் வரவில்லை. ஆனால் ஷியாவின் அலறலை இரைச்சல் என்று மொழிபெயர்க்க என் கை வராததற்கு ஔவை ஒரு காரணம்.

அந்தக் கூட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே இடம் இருந்துவிடவில்லை. 1964 செப்டம்பர் 11-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், கேட்டர் பௌல் ஸ்டேடியத்தில் நிகழ்ச்சி. நிறவெறிப் பிரிவினையைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டம் கையெழுத்தாகி இரண்டு மாதம் கழிந்திருந்தது. நடைமுறை மாறவில்லை. கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து உட்காரவைத்தால் வாசிக்கமாட்டோம் என்று பீட்டில்ஸ் அறிவித்தார்கள். பிரிக்காமல்தான் நடந்தது. அங்கே பதின்வயதுக் கறுப்பினப் பெண்ணாக வந்திருந்த கிட்டி ஆலிவர் பின்னாளில் எழுத்தாளராகவும் இன உறவுகளின் வாய்மொழி வரலாற்றாளராகவும் ஆனார். வெள்ளையர்களோடு தோளோடு தோள் உரசி நின்ற முதல் அனுபவமாக அவர் அந்த இரவை நினைவுகூர்கிறார். அச்சத்தோடு போனவர், கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தினார். நடிகை ஊப்பி கோல்ட்பர்க்குக்கு ஷியா நிகழ்ச்சியின்போது ஒன்பது வயது. தனியாகப் பிள்ளைகளை வளர்த்த அம்மா, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் ரயிலில் கூட்டிக்கொண்டு போய், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சீட்டுகளைக் காட்டினாராம். 2016-இல் ரான் ஹவர்ட் எடுத்த ஆவணப்படத்தில் இருவரும் பேசுகிறார்கள். இருவருமே பாட்டு வரிசையைப் பற்றிப் பேசவில்லை. யாரோடு நின்றேன், யார் கூட்டிப்போனார்கள், இது எனக்கும் உரியது என்று எப்படித் தெரிந்தது என்று பேசுகிறார்கள். இது இசையைப் பற்றிய நினைவு இல்லையா? எனக்கு இதுதான் இசையைப் பற்றிய நினைவு.

1966 ஆகஸ்ட் 29-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பீட்டில்ஸ் கடைசியாகச் சீட்டு விற்று வாசித்தார்கள். பால் மெக்கார்ட்னி கேட்டுக்கொண்டதால் குழுவின் செய்தித் தொடர்பாளர் டோனி பாரோ ஒரு கேசட்டில் அதைப் பதிவு செய்தார். கடைசிப் பாட்டின் நடுவில் நாடா தீர்ந்துபோனது. அதன்பின் அவர்கள் ஏன் மேடையை விட்டார்கள் என்பதற்கு ஒரு பிரபலமான விடை உண்டு: பெண்பிள்ளைகளின் அலறல் இசையைக் கொன்றுவிட்டது. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காத சலிப்பு உண்மைதான். ஆனால் அந்த ஆண்டின் மற்ற செய்திகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டோக்கியோவில் கொலை மிரட்டல். மணிலாவில் இமெல்டா மார்க்கோஸின் விருந்துக்குப் போகவில்லை என்று விமான நிலையம் வரை துரத்திய வன்முறை. கிறிஸ்தவம் பற்றி லென்னன் சொன்னதற்காக அமெரிக்கத் தென்மாநிலங்களில் இசைத்தட்டு எரிப்பு. மிரட்டியவர்களும் எரிப்புக்கு அழைப்பு விடுத்தவர்களும் அலறிய சிறுமிகள் அல்ல. ஒலி கேட்காததற்கும் காரணம் தொண்டைகள் மட்டும் இல்லை. ஐம்பத்தைந்தாயிரம் பேரிடம் சீட்டுக்குக் காசு வாங்கியவர்கள் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்குக் கேட்கும் ஒலிபெருக்கி வைக்கவில்லை. மூன்றே ஆண்டில், 1969 வுட்ஸ்டாக்கில், பில் ஹேன்லி நான்கு லட்சம் பேருக்காக ஒலியமைப்பு செய்தார். தொழில்நுட்பமும் முதலீடும் சேர்ந்தால் நடக்கும் காரியம் அது. பழி பெண்பிள்ளைகளின் தொண்டையில் விழுந்தது.

மேடையை விட்ட பிறகு பீட்டில்ஸ் ‘கலை’ ஆனார்கள். 1967-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தொடங்கியது. ராக் கூர்ந்து கேட்க வேண்டிய, விவாதிக்க வேண்டிய இசை என்ற மதிப்பைப் பெற்றது. நல்லதுதான். ஆனால் அந்த மதிப்புக்கு ஒரு விலை இருந்தது: முதலில் கேட்டவர்களை மறக்க வேண்டும். ‘நியூயார்க்கர்’ இதழின் முதல் பாப் இசை விமர்சகர் எலன் வில்லிஸ், 1969-இல் ராக் கலைக்களஞ்சியம் எழுதிய லில்லியன் ராக்ஸன் போன்ற பெண்கள் அந்தத் துறையைத் தொடக்கத்திலேயே உருவாக்கியவர்கள். அவர்கள் பெயர் எத்தனை ராக் ரசிகர்களுக்குத் தெரியும்? ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986-இல் முதலில் தேர்ந்தெடுத்த கலைஞர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அரேதா ஃபிராங்க்ளின் மறு ஆண்டு வந்தார். 2023-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ நிறுவனர்களில் ஒருவரான யான் வென்னர் ஏழு ராக் மேதைகளின் நேர்காணல்களை நூலாக்கினார். ஏழு பேரும் வெள்ளை ஆண்கள். ஏன் என்று கேட்டதற்கு, பெண் கலைஞர்கள் அந்த அறிவுத்தளத்தில் பேசக்கூடியவர்களாக இல்லை என்ற பொருள்படச் சொன்னார். ஹால் ஆஃப் ஃபேம் ஆட்சிக்குழுவிலிருந்து அவர் நீக்கப்பட்டார். ஐம்பது ஆண்டு அந்த எண்ணத்தோடுதான் வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

1977 ஆல்பத்தின் உறையில் ஜார்ஜ் மார்ட்டின் ஒரு சிறு உரையாடலை எழுதியிருக்கிறார். ஒன்பது வயது மகள், பீட்டில்ஸ் என்ன பே சிட்டி ரோலர்ஸ் அளவுக்குப் பெரியவர்களா என்று கேட்கிறாள். அநேகமாக இல்லை என்று அப்பா பதில் சொல்கிறார். அன்றைய சிறுமிகள் பே சிட்டி ரோலர்ஸுக்காக அலறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தலைமுறைச் சிறுமிகளின் ரசனையும் முதலில் சிரிப்புக்குரியது. அந்த இசை நிலைத்துவிட்டால் அதை ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள், நிலைக்காவிட்டால் சிரிப்பு நிலைக்கும்.

இந்த ரசிகைகளின் உலகைச் சொர்க்கமாக்கவும் நான் விரும்பவில்லை. அவர்களின் பித்தைக் காசாக்கிய தொழில், 1970-களில் மேடைக்குப் பின்னால் இளம்பெண்களுக்கு என்ன செய்தது என்பது தனிக் கதை, கசப்பான கதை. கூட்டத்தின் முன்வரிசை பெண்ணுடலுக்குப் பாதுகாப்பான இடமாக இருந்ததில்லை. 1999-இல் வுட்ஸ்டாக் பெயரில் மறுபடி நடந்த விழாவில் பாலியல் வன்முறைப் புகார்கள் எழுந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹேன்னா, தன் நிகழ்ச்சிகளில் ஆண்களைப் பின்னுக்குப் போகச் சொல்லி, பெண்களை மேடைக்கு அருகே அழைத்தார். ஷியாவில் போலீஸ் வரிசைக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களின் பேத்திகள் அவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஃபிரீடா கெல்லி 1972-இல் ரசிகர் மன்றத்தை மூடிவிட்டு வெளியே வந்தார். பிறகு பல பத்தாண்டுகள் சாதாரண அலுவலகச் செயலராக வேலை பார்த்தார். தான் அறிந்த கதைகளை விற்றிருந்தால் கோடீஸ்வரி ஆகியிருக்கலாம். வாயே திறக்கவில்லை. 2013-இல் வந்த ஆவணப்படத்தில்தான் பேசினார். பாட்டியின் இளமை எவ்வளவு கோலாகலமாக இருந்தது என்று தன் பேரன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே பேசச் சம்மதித்தாராம். உலகின் மிகப் புகழ்பெற்ற இசைக்குழுவின் உள்வீட்டுச் சாட்சி, தன் நினைவைப் பகிர ஒரு பாட்டியாக வேண்டியிருந்தது.

வாய்மொழி வரலாறு எடுக்கப் போகும் மாணவியருக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. வயதான ஒரு பெண்ணிடம் அவள் போன இசை நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்கும்போது, அது பீட்டில்ஸாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும், என்னென்ன பாடினார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனாள்? யாரோடு போனாள்? எங்கே நிற்க முடிந்தது, எங்கே முடியவில்லை? யாராவது தொட்டார்களா? எப்படித் திரும்பினாள்? மறுநாள் குரல் கட்டியிருந்ததா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அதைப் பதிவு செய்யுங்கள். இசைக்கருவிகளின் பட்டியலில் அதுவும் ஒன்று.